கோழிக்கும் இடம் வேண்டும், வளர்ப்பவனுக்கும் கூலி வேண்டும்!



சித்திரை வெயிலில் ஆத்தூர் பக்கம் கறிக்கோழி செட்டுக்குள்ளே நுழைந்து பாருங்கள். கோழிக்கு வேர்க்காது. வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். 40 நாளில் 2 கிலோ ஏறிய கோழி அதில் இறக்கையை விரிக்க வழியில்லை. மத்தியானம் கரண்ட் போனால் சாக்கை நனைத்துக் கட்டி, கூரைக்குத் தண்ணீர் அடித்து, குடும்பமே ஓடுகிறோம். அப்படியும் சாயங்காலம் குழி தோண்ட வேண்டியிருக்கிறது. குஞ்சிலிருந்து வளர்த்ததைக் கூடையில் அள்ளிக் கொட்டும்போது வயிறு எரியுது.

"விவசாயி ஈவிரக்கம் இல்லாமல் அடைத்து வைக்கிறான்" என்கிறார்கள் பட்டணத்தில். ஏனுங்க, எத்தனை குஞ்சு இறக்குவது என்று முடிவு செய்வது நாமா? குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. பிடிக்கிற தேதியும் அவர்கள் சொல்வதுதான். செட்டு, கரண்ட், தண்ணீர், மஞ்சி, ராத்திரி முழிப்பு நம்முடையது. செத்த கோழியின் கணக்கு மட்டும் நம் கூலியில் கழிகிறது! குஞ்சைக் குறைத்தால் கோழி நல்லா இருக்கும். ஆனால் கூலி கிலோ கணக்கு. பேங்க் தவணைக்கு எங்கே போவது? அதனால் வாயை மூடிக்கொண்டு இறக்கிக்கொண்டோம். அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு, மறைக்க வேண்டாம்.

நாமக்கல் முட்டைக்கோழிக்கு நோட்டுத்தாள் அளவு கூண்டு. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த மாதிரிக் கூண்டுக்கு 2012 முதல் தடை. முட்டைக்கோழிக்கும் கறிக்கோழிக்கும் விதிகள் வேண்டும் என்று 2017-லேயே நம் சட்ட ஆணையம் 269ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது. வரட்டும், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் இடத்தைக் கூட்டினால் கோழி குறையும், கூலியும் குறையும். அதை யார் ஈடுகட்டுவது? இதற்குப் பதில் இல்லாமல் விதி போட்டால் கோழி பிழைக்கும், விவசாயி செத்தான்.

2019-ல் தமிழக அரசு கொண்டுவந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்தில் கால்நடையும் சேர்த்திதான். அதனால் கேட்கிறோம்: ஒரு கோழிக்கு இவ்வளவு இடம் என்று ஒப்பந்தத்தில் எழுது. கோடையில் குஞ்சைக் குறை. கூலியை செட்டின் சதுர அடிக்குக் கொடு, கிலோவுக்கு வேண்டாம். வெயிலில் சாகிற கோழியின் நஷ்டத்தைக் கம்பெனியும் ஏற்கட்டும்.

அடுத்த பேட்ச் குஞ்சு வண்டி வாசலுக்கு வரும்போது சூப்பர்வைசர் வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீங்க. தமிழில் ஒப்பந்த நகலைக் கொடுத்த பிறகு குஞ்சை இறக்குங்க.