காத்திருக்கும் கைகளுக்கு ஒரு வகுப்பு

யாழ்ப்பாணப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,



உரும்பிராயிலிருந்து எழுதுகிறேன். இரவில் கை விறைத்து நித்திரை குழம்பும் மனிதர்களுக்காக ஒரு கோரிக்கை வைக்கிறேன். கிளினிக் கொப்பியில் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்று எழுதப்படுகிற மணிக்கட்டு நரம்பு நெருக்கத்துக்கு, நோவைப் பற்றிய விளக்கத்தையும் கைக்கான பயிற்சியையும் சேர்த்துக் கொடுக்கும் குழு வகுப்பு ஒன்றைக் கோப்பாய்ப் பிரதேசத்து அரச வைத்தியசாலை ஒன்றில் தொடங்கித் தாருங்கள். புதிய கட்டடமோ இயந்திரமோ இதற்குத் தேவையில்லை.

இந்த வருத்தம் உள்ளவர்களை எங்கள் ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை. செம்மண் தோட்டங்களில் புல்லுப் பிடுங்குகிறவர்கள், மண்வெட்டி பிடிக்கிறவர்கள், வீட்டில் தையல் மெசினோடு நாளைக் கழிக்கிற பெண்கள், கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவர்கள் என்று பட்டியல் நீளும். இடியப்பம் பிழிகிற கையை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். குழைத்த மாவை உரலுக்குள் அடைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டு வளைந்தபடியே தட்டைச் சுற்றிச் சுற்றி அழுத்த வேண்டும். மா கொஞ்சம் இறுகிவிட்டால் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். விடியமுன் கடைக்குப் போக வேண்டிய இடியப்பம் முடியும்வரை அந்தக் கைக்கு ஓய்வில்லை. பலத்தோடு திரும்பத் திரும்பச் செய்யும் வேலை இந்த நோய்க்கு ஒரு காரணம். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, மூட்டுவாதம், உடற்பருமன், கர்ப்பகாலம் ஆகியவையும் காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது கூடுதலாக வருகிறது.

மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகள் அடித்தளமாகவும் தடித்த பட்டி ஒன்று கூரையாகவும் அமைந்த ஒடுங்கிய வழி உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது நாண்களும் நடுநரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. 1981 இல் அமெரிக்காவில் கெல்பர்மனும் அவரது குழுவினரும் அந்த வழிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். நோயில்லாதவர்களிடம் சராசரியாக 2.5 மில்லிமீற்றர் பாதரசம் இருந்தது. நோயாளிகளிடம் 32. அவர்கள் மணிக்கட்டை மடக்கியதும் அது 94 ஆக ஏறியது. நித்திரையில் நாம் அறியாமலே கையை மடக்கிக் கொள்கிறோம். நரம்புக்குப் போகும் இரத்தம் குறைகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை விறைக்கின்றன, கொதிக்கின்றன. எழுந்து கையை உதறினால் கொஞ்சம் சுகம் வருகிறது. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் கைப்பட்டை ஏன் உதவுகிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

இவ்வளவையும் நோயாளிக்கு விளங்கும் தமிழில் சொல்லப் பத்து நிமிடம் போதும். நெரிசலான கிளினிக்கில் அந்தப் பத்து நிமிடம் எந்த வைத்தியருக்கும் கிடைப்பதில்லை. துண்டும் அடுத்த திகதியும் கிடைக்கின்றன. விளக்கம் வெளியில் கிடைக்கிறது. "பாரிசவாதம் வரப்போகுதாக்கும்" என்கிறார் ஒருவர். "நரம்பு செத்துப்போச்சு, இனி ஒபரேசன் செய்தாலும் கை வராது" என்கிறார் இன்னொருவர். பயந்தவர் கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொள்கிறார், விரல்கள் இன்னும் இறுகுகின்றன. பயப்படாதவர் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு அதே வேலையை அதே வேகத்தில் செய்கிறார். வேறொருவர் புக்கை வைத்து மணிக்கட்டை இறுக்கிக் கட்டுகிறார். சுளுக்குக்கு எப்படியோ, ஏற்கனவே நெருக்கப்பட்ட நரம்புக்கு மேலே இறுக்கமான கட்டு கூடாது. மூவரும் தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டே முடிவெடுக்கிறார்கள்.

நோ பற்றிய கல்வி இந்த இடத்தில்தான் மருந்தாகிறது. அவுஸ்திரேலியாவின் டேவிட் பட்லர், லோரிமர் மோஸ்லி என்ற இரு இயன்மருத்துவர்கள் 2003 இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு உலகின் பல பாகங்களில் இது சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிட்டது. அதன் சாரம் எளியது. நோவின் அளவும் காயத்தின் அளவும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. மாதக்கணக்கில் உறுத்தப்பட்ட நரம்பும், அதன் செய்தியை வாங்கும் முண்ணாணும் மூளையும் கூருணர்வு கொண்டுவிடுகின்றன. கள்வனுக்குக் குரைத்துப் பழகிய நாய் பிறகு சருகு விழுந்தாலும் குரைப்பதைப் போன்ற நிலை அது. அதனால்தான் சிலருக்கு முழங்கை, தோள்வரை உளைகிறது. நித்திரைக் குறைவும் பயமும் நோவைக் கூட்டுகின்றன. நரம்புப் பரிசோதனையில் கடுமை என்று வந்தவருக்கு நோ குறைவாகவும், இலேசு என்று வந்தவருக்கு நோ கூடுதலாகவும் இருக்கலாம். "எல்லாம் உன்ரை மனசிலதான்" என்று நோயாளியைத் தட்டிக்கழிப்பது இதற்கு நேர்மாறானது. நோ உண்மையானது என்று ஏற்றுக்கொண்டு, அது எப்படி உண்டாகிறது, எது கூட்டும், எது குறைக்கும் என்று சொல்லிக் கொடுப்பதே இந்தக் கல்வி.

கதை சொல்லி நோ மாறுமா என்று நீங்கள் கேட்கலாம். கதை மட்டும் போதாது, பயிற்சியும் கைப்பட்டையும் சேர வேண்டும். அவுஸ்திரேலிய வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்காகக் காத்திருந்த 105 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020 இல் வெளியானது. ஒரு பகுதியினர் வழமைபோலக் காத்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் குழுவாக விளக்கம், இரவுக் கைப்பட்டை, வீட்டில் செய்யும் பயிற்சிகள் ஆகியன கிடைத்தன. 24 வாரங்களின் பின், வழமைபோலக் காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் சத்திரசிகிச்சைப் பக்கம் போனார்கள். விளக்கமும் பயிற்சியும் பெற்றவர்களில் நூற்றுக்கு 59 பேர்தான் போனார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்குக் கத்தி தேவைப்பட்டது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. நெதர்லாந்தில் நடந்து 2025 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையோடு தொடங்கியவர்களில் 61 வீதமானோர் 18 மாதங்களில் குணமடைந்திருந்தார்கள். மணிக்கட்டில் போடும் ஸ்டெரொயிட் ஊசியோடு தொடங்கியவர்களில் அது 45 வீதம். எனவே சத்திரசிகிச்சைக்கு எதிராக நான் எழுதவில்லை. அதற்காகக் காத்திருக்கும் மாதங்கள் சும்மா கழியக்கூடாது என்கிறேன்.

யாழ். போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இயங்குகிறது. பிரதேச வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் உங்கள் பொறுப்பில் உள்ளன. ஆகவே நான் கேட்பவை உங்கள் கையெழுத்தோடு தொடங்கக் கூடியவை.

முதலாவது, மாதம் இருமுறை ஒரு மணிநேர வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக இருக்கட்டும். பாதி நேரம் விளக்கம், பாதி நேரம் பயிற்சி. விரல்களை நேராக நீட்டி, நுனிகளை மட்டும் கொக்கியாக மடக்கி, பிறகு முழுக்கையையும் பொத்தி, மறுபடி நீட்டும் நாண் பயிற்சியை ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துத் திருத்தலாம். 2022 பொருளாதார நெருக்கடியின் பின் சுகாதாரத் துறையினர் பலர் நாட்டைவிட்டுப் போன நிலையில், ஓர் இயன்மருத்துவர் ஒரே நேரத்தில் பலரைப் பார்க்கக் குழு முறையே வழி.

இரண்டாவது, வகுப்புக்கு வருகிறவருக்கு மணிக்கட்டை வளையவிடாத இரவுக் கைப்பட்டை ஒன்று அவர் கை அளவுக்குக் கிடைக்க வேண்டும். இலவச சுகாதாரம் உள்ள நாட்டில் இதை மருந்துக் கடையில் வாங்கச் சொல்லி அனுப்பக் கூடாது.

மூன்றாவது, வகுப்பு யாருக்கு ஏற்றதல்ல என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பெருவிரலின் அடிமேடு வற்றியவர், இரவு பகல் விறைப்பு மாறாதவர், கையிலிருந்து பொருட்கள் நழுவி விழுகிறவர் நேராகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகட்டும். முகம் கோணி, பேச்சுக் குழறி, கை திடீரெனச் சோர்ந்தால் அது பாரிசவாதம், உடனே வைத்தியசாலை என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடலாம்.

நான்காவது, நீரிழிவு கிளினிக்கில் ஒரு கேள்வி: "இரவிலை கை விறைச்சு எழும்புறனீங்களோ?" கர்ப்பிணிகளிடம் குடும்பநல உத்தியோகத்தர்களும் இதைக் கேட்கலாம். நோய் முற்றமுன் பிடிக்க இதைவிடச் செலவு குறைந்த வழியில்லை.

ஐந்தாவது, ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பாருங்கள். வந்தவர்களில் எத்தனை பேருக்கு இரவு நித்திரை திரும்பியது, எத்தனை பேர் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள் என்று பதிவேடு சொல்லட்டும். பலன் இல்லையென்றால் நிறுத்துங்கள்.

ஊர்ப்பேச்சில் விளக்கிச் சொல்வதும் சிகிச்சையே என்பது வடக்குக்குப் புதிதல்ல. போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு நின்றவர்களும் உளக்காயம் பற்றித் தமிழில் எழுதினார்கள், கிராமமட்டத்துப் பணியாளர்களைப் பயிற்றினார்கள். தலையிடி, நெஞ்சுநோ என்று வந்த சனத்துக்கு உடம்பும் மனமும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று எடுத்துச் சொன்னார்கள். அந்த அனுபவம் மணிக்கட்டுக்கும் உதவும்.

உழைக்கும் கை ஓய்ந்தால் அந்த வீட்டின் அடுப்பும் ஓயும். எங்கள் பெண்கள் பலர் நாட்கூலிக்கும் நாள்வியாபாரத்துக்கும் வாழ்கிறவர்கள், அவர்களுக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்புக் கிடையாது. ஒரு மண்டபம், ஓர் இயன்மருத்துவர், ஒரு மணிநேரம், சில கைப்பட்டைகள் ஆகியவையே தேவை. முதல் வகுப்புக்கு ஒரு திகதியைக் குறித்துத் தாருங்கள். உரும்பிராயில் அறிவித்தல் ஒட்டும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
உரும்பிராய் வாசி ஒருவர்