ஆத்துல இறக்கினவனுக்குச் சிலை

988வாக்கில் கீவ் அரசன் விளாதிமிர் தன் குடிகளை நீப்பர் ஆற்றில் இறக்கிக் கிறிஸ்தவராக்கினான். வராதவன் என் பகைவன் என்றானாம். கீவில் 1853இல் சிலை வைத்தார்கள். 2016இல் மாஸ்கோவில், கிரெம்ளின் பக்கத்திலேயே இன்னொன்று. கட்டாய மதமாற்றம்னு இங்க ஒருத்தனும் கத்தலை.

கொற்கைக்காரன் கேட்கிறேன். எங்க முத்துக்குளித்துறையில் 1530களில் பரவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கினது வரலாறு. மூழ்கி முத்தெடுத்த சனம் என்ன நினைச்சதுன்னு தேடத்தான் வேண்டியிருக்கு.

1981, மீனாட்சிபுரம். மன்னன் கிடையாது. சாதிக்கொடுமை தாங்காத தலித் சனங்க தாங்களே முடிவெடுத்து இஸ்லாத்துக்குப் போனாங்க. சிலையா வைச்சான்? அரபுப் பணம்னு பழி, விசாரணை, டில்லிவரைக்கும் கூச்சல்.

தமிழ்நாட்டில் 2002இல் சட்டமே வந்தது, 2004இல் வாபஸ் ஆனது. கட்டாயத்தாலோ ஆசைகாட்டியோ மாற்றினால் 3 ஆண்டுவரை சிறை. மாற்றப்பட்டவர் தலித், பெண், சிறுவர் என்றால் 4 ஆண்டு. நமக்குச் சொந்தப் புத்தி கிடையாதாம்!