மௌஸ் என் கையிலேயே இருக்கட்டும்

போன ஜூலை மாதம், வருமான வரிக் கணக்கு கொடுக்கும் நேரம். பாரிசில் இருக்கும் மகன் ஜூமில் வந்தான். "அப்பா, ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க. ரிமோட் கண்ட்ரோல் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்புறேன், அப்ரூவ் மட்டும் அமுக்குங்க. பத்து நிமிஷத்துல நானே முடிச்சிடறேன்."

மாட்டேன் என்றேன். அவனுக்குக் கோபம். "என் மேலேயே நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பெரியவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிறருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டுமென்றால் நொத்தேரிடம் போய் ப்ரொகுராசியோன் எழுதுவோம். இன்ன வீட்டை விற்கலாம், இன்ன வாடகையை வாங்கலாம் என்று ஒவ்வொன்றும் வரி வரியாக இருக்கும். எழுதாத வேலையை அந்த ஆள் செய்ய முடியாது. அப்பாவோடு போய் உட்கார்ந்து, நொத்தேர் வாசிக்க வாசிக்கக் கேட்டிருக்கிறேன். இந்த அப்ரூவ் பொத்தானில் அப்படி ஒரு வரியாவது உண்டா? வரிக் கணக்குக்காக அமுக்கினாலும், திறந்து கிடக்கும் வங்கிப் பக்கம், மெயில், பேரப்பிள்ளைகளின் படம் எல்லாம் அவர் கைக்குப் போகும். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டதில்லை. இது அதைவிட மோசம்.

இன்னொன்று கேளுங்கள். பாதியில் பயந்துபோய் நம் திரையில் எங்கேயாவது கிளிக் செய்தால் கட்டுப்பாடு நம்மிடம் திரும்பி வரும். ஆனால் கொடுத்த அனுமதி ரத்தாவதில்லை. அந்தப் பக்கம் இருப்பவர் மறுபடி கிளிக் செய்தால் திரும்ப அவர் கைக்குப் போய்விடும். 'எல்லா ரிக்வெஸ்ட்டையும் தானாக ஏற்றுக்கொள்' என்று ஒரு வசதி வேறு வைத்திருக்கிறார்கள். யாருக்காக வைத்தார்களோ!

2025 ஏப்ரலில் வெளியான ஒரு மோசடியைப் படித்தேன். பேட்டி எடுக்கிறோம் என்று கிரிப்டோ ஆட்களை ஜூமுக்கு அழைப்பார்கள். திரையைக் காட்டச் சொல்வார்கள். காட்டியதும் தன் பெயரை 'ஜூம்' என்று மாற்றிக்கொண்டு ரிமோட் கண்ட்ரோல் கேட்பார்கள். "ஜூம் உங்கள் திரையைக் கட்டுப்படுத்த அனுமதி கேட்கிறது" என்று வரும். மென்பொருள்தான் கேட்கிறது என்று நினைத்து அமுக்கிவிடுவோம். கணினியிலேயே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு விரித்த வலை இது. கண்புரை அறுவை செய்த கண்ணோடு உட்கார்ந்திருக்கும் நாம் எந்த மூலை?

மகனிடம் இதைத்தான் சொன்னேன். "இன்னிக்கு உனக்காக அமுக்கிப் பழகின விரல், நாளைக்கு பேங்க்ல இருந்து பேசறேன்னு வர்றவனுக்கும் அமுக்கும்பா. ரெண்டு பேருக்கும் வர்ற பெட்டி ஒண்ணுதான்."

ஜூம் செட்டிங்ஸில் ரிமோட் கண்ட்ரோலை அணைத்து வைக்கலாம். நான் அணைத்துவிட்டேன். அதோடு நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். கூட்டத்தைக் கூட்டியவர் எவரோ, அவர் கணக்கில் உள்ளபடிதான் நடக்கும். திருடன் கூட்டிய கூட்டத்தில் உங்கள் செட்டிங் செல்லாது. அங்கே மறுப்பது ஒன்றுதான் வழி. ஏமாந்துபோனால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கை நடுங்குகிறதே, பார்வை இல்லையே என்பவர்கள் பக்கத்தில் நம்பகமான ஓர் ஆளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையாவது நம் கண்ணெதிரே இருக்கும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு அவசரம். எங்களுக்கு இல்லை. திரையைப் பாருங்கள், வாயால் சொல்லுங்கள். அன்றைக்கு என் மகன் "மேலே, வலது பக்கம், இல்லப்பா, அதுக்கும் கீழே" என்று சொல்லிச் சொல்லி ஐம்பது நிமிஷம் ஆனது. இரண்டு தடவை தலையில் அடித்துக்கொண்டான், கேமராவில் பார்த்தேன். கணக்குப் போய்ச் சேர்ந்தது. ஓ.டி.பி.யையும் நானே அடித்தேன்.

இந்த ஜூலைக்கும் வருவான். ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வா என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.