வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கியா, பூட்டா?

2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொலை செய்யப்பட்டார்கள். இப்படிச் செய்தி படித்தால் திண்டுக்கல் பக்கம் தோட்டங்களில் குடியிருப்பவர்களுக்கும் 'ஒரு கைத்துப்பாக்கி இருந்தால் தேவலை' என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் கணக்கு உதைக்கிறதே!

1959 ஆயுதச் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். கலெக்டரிடம் லைசென்ஸ், அதற்கு முன் போலீஸ் விசாரணை. 9 மி.மீ. பிஸ்டல் எல்லாம் சாதாரண ஆட்களுக்குக் கிடையாது; .32, .22 போன்றவைதான். 2014-ல் கான்பூர் அரசு ஆலை பெண்களுக்கென்று விட்ட 'நிர்பீக்' ரிவால்வரே 1 லட்சத்துக்கு மேல்!

சரி, வாங்கியாச்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் குண்டை எடுத்துவிட்டு பீரோவில் பூட்டித்தான் வைக்க வேண்டும். ராத்திரி எழுந்து, சாவி தேடி, குண்டு போடும் வரை திருடன் காத்திருப்பானா? ஆனால் குடும்பச் சண்டையிலோ, கடன் தொல்லையிலோ அந்தச் சாவி சீக்கிரம் கிடைத்துவிடும். ஆபத்து அங்கேதான்.

சுட்டுப் பழக ஆசையா? தாராளமாக! ரைஃபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ஆரம்பிக்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கியது அதில்தான்.

வீட்டுக் காவலுக்கு? வெளியே கிளம்பும்போது, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு. உள்ளே இருக்கும்போது கெட்டியான தாழ்ப்பாள், வாசலில் விளக்கு, குரைக்கிற நாய், ராத்திரி போன் செய்தாலும் எடுக்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரர். இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாம். கோபத்தில் யார் உயிரும் போகாது.