நான்கே பறவைகள்: கைவிட்டுவிடலாமா?

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். ஒரு தீவு. அதில் ஒரு பறவை இனம். உலகில் வேறு எங்கும் அந்தப் பறவை கிடையாது. அந்தத் தீவிலும் காடு முழுவதும் தேடிப் பார்த்ததில் நான்கே பறவைகள் தென்படுகின்றன. உங்கள் கையில் உள்ள பணமோ கொஞ்சம். அதை இந்த நான்கு பறவைகளுக்குச் செலவிடுவீர்களா? அல்லது "இவை இனிப் பிழைக்கப் போவதில்லை" என்று விட்டுவிட்டு, ஆயிரக் கணக்கில் எஞ்சியுள்ள வேறொரு பறவையைக் காக்கச் செலவிடுவீர்களா?

இது கற்பனைக் கணக்கு அன்று. 1974ஆம் ஆண்டில் மொரீஷியஸ் தீவில் வாழும் ஒரு சிறு வல்லூறு இந்த நிலையில்தான் இருந்தது. ஆங்கிலத்தில் அதைக் கெஸ்ட்ரல் என்பார்கள். அதைக் கைவிட்டுவிடலாம் என்று சொன்னவர்கள் இயற்கையின் மீது அக்கறையற்றவர்கள் அல்லர். அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றி 1979இல் ஒரு புகழ்பெற்ற நூல் எழுதிய நார்மன் மயர்ஸ் அவர்களில் ஒருவர். பிழைக்க வாய்ப்பில்லாத ஒன்றுக்குச் செலவாகும் பணத்தைப் பிழைக்கக்கூடிய பல இனங்களுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று அவர் கேட்டார். போர்க்களத்து மருத்துவர் காயம்பட்டவர்களைத் தரம் பிரிப்பது போன்ற வாதம் இது. முதல் பார்வைக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அது தவறான வாதம் என்பது என் கருத்து. பௌதிகம் சொல்லிக்கொடுப்பவனுக்குப் பறவைகளிடம் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். அதற்கும் பதில் வருகிறது, சற்றுப் பொறுங்கள்.

முதலில் தீவைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள மொரீஷியஸ், கடலடி எரிமலை கக்கிய பாறைக் குழம்பால் உருவானது. வயது ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள். அது ஒருபோதும் எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. ஆகவே அங்கு வாழும் ஒவ்வோர் உயிரின் முன்னோரும் பறந்தோ, மிதந்தோ, காற்றில் அடித்துச் செல்லப்பட்டோதான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். பாலூட்டிகளில் வௌவால்கள் மட்டுமே வந்தன. பூனையில்லை, நரியில்லை, எலிகூட இல்லை. எதிரியில்லாத ஊரில் பறவைக்குப் பறப்பது வீண் செலவுதானே? பறப்பதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இந்தச் சூழலில் ஒரு புறா இனம் தலைமுறை தலைமுறையாகச் சிறகு சிறுத்து, உடல் பெருத்து, தரையில் கூடுகட்டும் பெரிய பறவையாயிற்று. அதுதான் டோடோ. உயிரோடுள்ள அதன் மிக நெருங்கிய உறவுப் பறவை நிக்கோபார் புறா என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டின் நிக்கோபார் தீவுகளில் இன்றும் பறக்கிறதே, அதே புறாதான்.

டச்சுக்காரர்கள் 1598இல் மொரீஷியஸில் இறங்கினார்கள். டோடோவைக் கண்டதாக நம்பத்தக்க கடைசிக் குறிப்பு 1662ஆம் ஆண்டினது. இடையில் 64 ஆண்டுகள்தாம். மாலுமிகள் எல்லாவற்றையும் அடித்துத் தின்று தீர்த்துவிட்டார்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதிதான் உண்மை. கப்பலோடு வந்திறங்கிய எலி, பன்றி, குரங்கு ஆகியவை முட்டைகளைத் தின்றதுதான் பெரிய கேடு. பின்னர் 1900இல் எலியை ஒழிப்பதற்கென்று நம் நாட்டுக் கீரியைக் கொண்டுபோய் விட்டார்கள். கீரி எலியையும் தின்றது, பறவைகளையும் தின்றது. மொரீஷியஸ் நாட்டுச் சின்னத்தில் ஒரு பக்கம் டோடோ நிற்கிறது, மறுபக்கம் மான் நிற்கிறது. ஒன்று அழிந்துபோன பூர்வகுடி, மற்றொன்று வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட விருந்தாளி! அந்தத் தீவின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அந்நாட்டின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து போன கைவினைஞர்களும், 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களும் அங்குள்ள தமிழரின் முன்னோர். கரும்புக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. இன்று நல்ல நிலையில் உள்ள இயற்கைக் காடு அத்தீவின் பரப்பில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

இனி நம் வல்லூற்றுக்கு வருவோம். காடு சுருங்கியதால் அதன் இருப்பிடம் போயிற்று. மரப்பொந்தில் இட்ட முட்டைகளைக் குரங்குகள் தின்றன. இவை போதாவென்று, மலேரியாவை ஒழிக்க டி.டி.டி. மருந்து தீவெங்கும் தெளிக்கப்பட்டது. பூச்சியைத் தின்ற பல்லியின் உடலிலும், பல்லியைத் தின்ற வல்லூற்றின் உடலிலும் அந்த நஞ்சு படிப்படியாகச் சேர்ந்தது. முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்குவது இந்த நஞ்சின் விளைவு. மருந்து தெளித்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. மலேரியா அத்தீவில் ஏராளமான மனித உயிர்களைக் குடித்த நோய். ஆயினும் விலையை ஒரு பறவை கொடுக்க வேண்டியதாயிற்று.

நான்கு பறவைகள். பிழைக்காது என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் பௌதிகம் வருகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள் என்று படித்திருப்பீர்கள். ஒரு மில்லிகிராம் ரேடியத்தை எடுத்துக்கொண்டால், 1,600 ஆண்டு கழித்துச் சரியாகப் பாதி எஞ்சும். இதில் ஐயமே இல்லை. ஏனென்றால் அதில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை கோடி கோடி. ஆனால் உங்களிடம் நான்கே நான்கு ரேடியம் அணுக்கள் இருந்தால்? 1,600 ஆண்டு கழித்து இரண்டுதான் இருக்கும் என்று பந்தயம் கட்ட மாட்டேன். சரியாக இரண்டு எஞ்சும் வாய்ப்பு எட்டில் மூன்றுதான். நான்கும் அப்படியே இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். சராசரி விதிகள் கூட்டத்துக்கு உரியவை. நான்கு பேருக்கு உரியவை அல்ல.

இது இருபக்கமும் கூரான கத்தி. நான்கு பறவைகளும் ஒரே பாலாக அமைந்துவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படி அமைந்தால் கதை முடிந்தது. ஒரு புயல் போதும். மொரீஷியஸில் புயலுக்குக் குறைவில்லை. ஆகவே சிறு எண்ணிக்கை ஆபத்தானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் "ஆபத்தானது" என்பதும் "நிச்சயம் அழியும்" என்பதும் ஒன்றல்ல. முதலாவது விஞ்ஞானம். இரண்டாவது, விஞ்ஞானத்தின் உடையை அணிந்துகொண்ட மனச்சோர்வு.

அணுவுக்கும் பறவைக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. ரேடியத்தைச் சூடாக்கினாலும் குளிர்வித்தாலும் அது சிதையும் வேகம் மாறாது. பறவையின் வாழ்வு அப்படியல்ல. நாம் தலையிட்டு வாய்ப்பை மாற்றலாம்.

அந்த வாய்ப்பைப் பறவையே முதலில் மாற்றிக் காட்டியது. 1974இல் ஒரு வல்லூற்று இணை, மரப்பொந்தை விட்டுச் செங்குத்தான பாறையிடுக்கில் கூடு வைத்தது. குரங்குகளால் அங்கு ஏற முடியவில்லை, குஞ்சுகள் தப்பின. பிறகு, இந்தத் திட்டத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு நிலவிய வேளையில், 1979இல் வேல்ஸ் நாட்டு இளைஞர் கார்ல் ஜோன்ஸ் அங்கு வந்து சேர்ந்தார். அவர் கையாண்ட முறை எளிமையானது. முதலில் இட்ட முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் தாய்ப்பறவை மீண்டும் முட்டையிடும். எடுத்த முட்டைகளைப் பொரிப்பகப் பெட்டியில் வைத்துப் பொரிக்கலாம். நம் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இது புதிய செய்தியன்று! காட்டிலுள்ள பறவைகளுக்கு அன்றாடம் கூடுதல் தீனி கொடுத்தார்கள். வளர்ந்த குஞ்சுகளைப் பக்குவமாகக் காட்டில் விட்டார்கள். கூண்டுப் பெட்டிகள் அமைத்து, அவற்றைச் சுற்றிலும் கீரிகளையும் பூனைகளையும் பிடித்தார்கள்.

நான்கு எட்டாகி, எட்டு பதினாறாகி, இப்படி ஆறே முறை இரட்டித்தால் 256 வந்துவிடும். சதுரங்கப் பலகையும் அரிசிமணியும் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் 1994 வரையிலான பத்தாண்டில் காட்டில் விடப்பட்ட வல்லூறுகள் மட்டும் 331.

சரி, அந்தப் பணத்தில் வேறு பல இனங்களைக் காத்திருக்கலாமே என்ற கேள்வி இன்னும் நிற்கிறதல்லவா? பணத்தை ஒரு பானைச் சோறாக நினைப்பதால் எழும் கேள்வி இது. ஒருவன் இலையில் விழுந்தால் மற்றவன் இலைக்கு இல்லை என்பது போல. வல்லூற்றிடம் கற்ற பாடம் வல்லூற்றோடு நிற்கவில்லை. அதே தீவின் இளஞ்சிவப்புப் புறா 1991இல் காட்டில் பத்தளவில்தான் இருந்தது. எக்கோ கிளி எனப்படும் பச்சைக்கிளியும் 1980களில் அதே நிலை. தீனி வைத்தல், முட்டைகளை எடுத்து வளர்த்தல், எலிகளைக் கட்டுப்படுத்தல் ஆகிய அதே முறைகளால் இரண்டும் இன்று நூற்றுக் கணக்கில் உள்ளன. உலக அபாயப் பட்டியலில் புறா 2018இலும் கிளி 2019இலும் ஒரு படி இறங்கி, முன்னைவிட நல்ல நிலைக்கு வந்தன. நான்கு பறவைகளைக் கைவிட்டிருந்தால் இந்தப் பாடத்தை எங்கே கற்றிருப்பார்கள்?

தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. மொரீஷியஸுக்கு வடக்கே உருண்டைத் தீவு என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே விடப்பட்ட ஆடுகளும் முயல்களும் செடிகொடிகளை மொட்டையடித்தன. மழையில் மண் கரைந்து கடலுக்குப் போயிற்று. அந்த மண்ணைத் துளைத்து வாழ்ந்த ஒரு பாம்பினம் 1975இல் கடைசியாகக் காணப்பட்டது. ஆடுகள் 1979இலும் முயல்கள் 1986இலும் முற்றாக ஒழிக்கப்பட்டன. "முயலைக் கொல்வது பாவமில்லையா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். என் பதில் இது: முயலுக்கு உலகில் இடம் ஏராளம், அந்தப் பாம்புக்கும் அங்குள்ள அரணைகளுக்கும் அந்த ஒரு பாறைதான் உலகம். கொல்லுவது மகிழ்ச்சியான வேலையில்லை. ஆனால் கைகட்டி நிற்பதும் ஒரு கொலையே, யார் கையிலும் இரத்தம் தெரியாத கொலை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல விரும்புகிறேன். டோடோவோடு சேர்ந்து ஒரு மரமும் அழிகிறது என்ற கதையை எங்கேனும் படித்திருப்பீர்கள். தம்பலகோக் என்ற மரத்தின் கெட்டியான விதை டோடோவின் வயிற்றில் அரைபட்டால்தான் முளைக்கும், ஆகவே 300 ஆண்டாக ஒரு கன்றுகூட இல்லை என்பது கதை. 1977இல் இக்கருத்தை வெளியிட்டவர் ஸ்டான்லி டெம்பிள். வல்லூற்றுத் திட்டத்தின் தொடக்கத்தில் உழைத்த அதே விஞ்ஞானிதான். அவர் விதைகளை வான்கோழிகளுக்கு ஊட்டிப் பார்த்தார்; மூன்று முளைத்தன. ஊட்டாத விதைகளையும் பக்கத்தில் விதைத்து ஒப்பிட்டாரா? இல்லை. எட்டாம் வகுப்பு மாணவர்கூடச் செய்முறைக் குறிப்பேட்டில் ஒப்பீடு எழுதாவிட்டால் மதிப்பெண் இழப்பார். பின்னர் வயது குறைந்த மரங்கள் இருப்பதும், விதை தானாகவே முளைப்பதும் தெரியவந்தன. ஆனாலும் கதை மட்டும் அழியவில்லை! இயற்கையைக் காக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துக்காகக்கூட நாம் அழகான பொய்யைச் சொல்லக்கூடாது. உண்மையே போதிய அளவுக்கு வியப்பானது. விதைகளைப் பரப்பிவந்த பெரிய நிலஆமைகள் மொரீஷியஸில் அழிந்துவிட்டதால், அல்டாப்ரா தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து எக்ரெட் தீவிலும் 2007 முதல் உருண்டைத் தீவிலும் விட்டிருக்கிறார்கள். அவை கனிகளைத் தின்று, நடந்த இடமெல்லாம் விதை போடுகின்றன. கருங்காலி மரக் கன்றுகள் அப்படி முளைத்திருக்கின்றன.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தீவுக்குத் தானாக வந்து சேர்ந்த பாலூட்டி வௌவால் என்று சொன்னேன் அல்லவா? அங்குள்ள பழந்தின்னி வௌவால், லிச்சிப் பழத்தையும் மாம்பழத்தையும் தின்று நட்டம் விளைவிக்கிறது என்று விவசாயிகள் முறையிட, 2015, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் அரசே பல்லாயிரம் வௌவால்களைச் சுட்டுக் கொன்றது. விவசாயியின் நட்டம் கற்பனையல்ல. அதை ஏளனம் செய்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மரத்துக்கு வலை போர்த்த மானியம் கொடுப்பது துப்பாக்கியைவிட நல்ல வழி. காட்டு மரங்களின் விதையைத் தூரம் கொண்டுசெல்வதும் அதே வௌவால்தான். அந்த இனம் 2018இல் அபாயப் பட்டியலில் ஒரு படி மேலேறியது.

வல்லூறும் அப்படியே. 1994இல் ஆபத்து குறைந்ததாக அறிவித்து, தீவிரப் பராமரிப்பைக் குறைத்தார்கள். எண்ணிக்கை சில காலம் ஏறி, பிறகு சரியத் தொடங்கியது. 2014இல் அது மீண்டும் பழையபடி கடுமையான ஆபத்துக்குரிய பிரிவில் சேர்க்கப்பட்டது. பறவையை மீட்டவர்களால் அது வாழும் காட்டை அதே வேகத்தில் மீட்க முடியவில்லை. பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரங்கள் போதாமையால், இன்றும் அங்கே மரப்பலகையில் பெட்டி செய்து கிளைகளில் மாட்டுகிறார்கள். முட்டையிடும் பருவத்தில் ஒவ்வொரு பெட்டியாக ஏறிப் பார்த்து, குஞ்சுகளின் காலில் வளையம் பூட்டி, எண்ணிக் குறித்துக்கொள்கிறார்கள்.