வில் நேராகட்டும், பாட்டு அப்புறம் வரட்டும்

பிள்ளையை வயலின் வகுப்பில் சேர்த்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. "ஏனுங்க சார், இன்னும் ஒரு பாட்டுக்கூட வரலையே?" என்று வாத்தியார் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டும், அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். வாத்தியார் தலையாட்டவில்லை என்றால் வாத்தியாரையே மாற்றிவிடுகிறோம். திருப்பூரில் இது அடிக்கடி நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். நீங்கள் வீண் என்று நினைக்கிற அந்த மாதங்களில்தான் பிள்ளையின் வலது கை உருவாகிறது.

வெறும் தந்தியில் ஸ, ப, ஸ, ப என்று பிள்ளை இழுத்துக்கொண்டே இருக்கிறதே, அது நேரத்தைக் கடத்துகிற வேலை இல்லை. தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் விரல் பலகையின் முனைக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. வில் அந்த இடத்தை விட்டு விலகாமல், குதிரைக்கு இணையாக, அடியிலிருந்து நுனிவரை போய்த் திரும்ப வேண்டும். கோணினால் வில்லின் முடி தந்தியின் மேல் வழுக்கும். விரல் பலகைப் பக்கம் சரிந்தால் நாதம் காற்றடைத்த மாதிரி மெலிந்துவிடும், குதிரைப் பக்கம் ஏறினால் கீச்சிடும். இடது கை விரல்கள் எவ்வளவு சுத்தமாக ஸ்வரத்தில் விழுந்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது. வில்லின் பாதிக்கு மேல் போகும்போது முழங்கை விரிந்து முன்கை முன்னால் போக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அங்கே தோளையும் முழங்கையையும் பின்னால் இழுத்துவிடுகிறார்கள். வில் உடம்பைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. ஓராண்டு இப்படியே பழகிய கையைத் திருத்துவது, புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். இந்த நேரத்தில் வேகமான பாட்டைத் திணித்தால் கோணல் அப்படியே உறைந்துபோகும்.

கருவி வாங்குவதிலும் அவசரம். எட்டு வயதுப் பிள்ளைக்கு முழு அளவு வயலினை வாங்கி, "வளர்ற பிள்ளைதானே, ஒரே செலவாப் போகட்டும்" என்கிறோம். பனியனில் ஒரு சைஸ் தப்பினாலும் ஆர்டர் திரும்பி வரும் என்று தெரிந்த ஊர் நம்முடையது. பிள்ளையின் கைக்கு மட்டும் அளவு வேண்டாமா? கால், அரை, முக்கால் என்று வயலினும் அளவுகளில்தான் வருகிறது. கை எட்டாத வில்லைப் பிள்ளை நேராக இழுக்கவே முடியாது. வாத்தியார் சொல்லும் அளவையே வாங்குங்கள். அப்படியும் நுனிவரை எட்டவில்லை என்றால், நேராக வருகிற இடத்தில் வில்லில் ஒரு சிறு டேப் ஒட்டி, அதுவரை இழுத்தால் போதும் என்று விட்டுவிடலாம்.

லால்குடி ஜெயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் மூவரையும் வயலின் மும்மூர்த்திகள் என்கிறோம். மூவருக்கும் குரு அவரவர் தகப்பனார்: கோபால ஐயர், நாராயண ஐயர், பரூர் சுந்தரம் ஐயர். கேட்கவும் திருத்தவும் வீட்டிலேயே ஆள் இருந்தார்கள். "அவங்க வித்வான்கள், நமக்கு ஸ்வரமே தெரியாதுங்களே" என்பீர்கள். வில் நேராகப் போகிறதா என்று பார்க்க ஸ்வரம் தெரிய வேண்டியதில்லை. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் கர்நாடக இசைக்குள் வந்த இந்தக் கருவியை நாம் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். வாசிக்கிற பிள்ளை வில்லை ஓரப் பார்வையில்தான் பார்க்கிறது. அந்தக் கோணத்தில் நேரானது கோணலாகவும், கோணலானது நேராகவும் தெரியும். எதிரே உட்காருகிறவர் கண்ணுக்குத்தான் உண்மை தெரியும். வகுப்பில் அந்தக் கண் வாத்தியாருடையது. வீட்டில் அது நம்முடையதாக இருக்க வேண்டும். முடியாத நாளில் ஒரு பெரிய கண்ணாடியையாவது எதிரே சாத்தி வையுங்கள்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வருகிறவர்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பது நியாயம்தான். ஷிப்மெண்ட் வாரத்தில் சாப்பிடவே நேரம் இருப்பதில்லை. ஆனால் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடமும் போன் கையில் இருக்கக் கூடாது. "ராத்திரியில என்னடா சத்தம்" என்றும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லில் வில்லை அழுத்தப் பயந்து, பூனை நடை நடக்கிற கை ஆகிவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தை வர்ணத்துக்கு வந்துவிட்டதே என்று ஒப்பிடுவதும் வேண்டாம்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் பிள்ளைக்கு எதிரே உட்காருங்கள். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு தந்தியை, மெதுவாக, முழு நீளத்துக்கு இழுக்கச் சொல்லுங்கள். வில் குதிரைக்கு இணையாகப் போய்வந்தால், "நேரா வருது கண்ணு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.