கூடு ஏரியில், இரை வயலில்

பறவைகளைக் காப்பது முக்கியமா, விவசாயியைக் காப்பது முக்கியமா? நீர்நிலைகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே எழுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதற்கு எப்போதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டது. அந்தப் பதில் இன்றும் செல்லுமா என்பதைத்தான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. அதற்குள் நிற்கும் மரங்களில் நாரைகளும், நீர்க்காகங்களும், அரிவாள்மூக்கன்களும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கரைந்து, உரமாக வயல்களுக்குப் பாய்கிறது. இதன் பயனை அறிந்திருந்த ஊர் மக்கள், ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கினார்.

நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்திலும் இதே உறவைக் காண்கிறோம். அங்கே நாரைகள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டுகின்றன. மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. குளத்து வண்டல் வயலுக்கு எருவாகிறது. இந்த இரண்டு இடங்களும் ராம்சார் ஈரநிலங்களாக 2022இல் அறிவிக்கப்பட்டன.

இது இரக்கத்தினால் மட்டும் வந்த உறவல்ல. பறவைக்குப் பாதுகாப்பு, உழவனுக்கு உரம் என்ற கொடுக்கல் வாங்கலும் அதில் இருந்தது. இன்று யூரியா மானிய விலையில் கிடைக்கிறது. பல இடங்களில் ஏரிப் பாசனத்தின் இடத்தை ஆழ்துளைக் கிணறு பிடித்துக்கொண்டது. உழவனுக்குப் பறவையால் கிடைத்த ஆதாயம் குறைந்துவிட்டது. ஆனால் பறவைக்கு உழவனின் தேவை குறையவில்லை!

ஏனெனில், கூடு ஏரியில் இருந்தாலும் இரை சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல் வயல்களிலும்தான் இருக்கிறது. நத்தைகுத்தி நாரை வயலில் நத்தை பொறுக்குகிறது. கொக்கு பூச்சிகளையும் தவளைகளையும் பிடிக்கிறது. வயலில் நஞ்சு தெளிக்கப்பட்டாலோ, வயலே வீட்டுமனையாக மாறினாலோ, ஏரிக்குள் எத்தனை மரங்கள் இருந்தும் குஞ்சுகளுக்கு இரை கிடைக்காது. வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை 1998இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது இதனால்தான் பொருளுள்ளதாகிறது. அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை 2020இல் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. எல்லை காக்கப்பட வேண்டியதே. ஆனால் எல்லைக்கோடு விவசாயியின் கடனை அடைக்காது. எல்லாப் பறவைகளும் நன்மையே செய்கின்றன என்றும் சொல்ல முடியாது. தாழைக்கோழிகள் நெற்பயிரைக் கடித்துப் போடுகின்றன. அந்த இழப்பை யார் தாங்குவது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கே வைக்கோலை எரிப்பதைப் படிப்படியாகக் குறைக்க 1991இல் சட்டம் வந்தது. எரிக்க முடியாத விவசாயிகள், வைக்கோல் மட்குவதற்காகக் குளிர்காலத்தில் வயல்களில் நீர் தேக்கினார்கள். வாத்துகளும் தாராக்களும் திரளாக வந்து இறங்கின. 2014இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. பறவைகள் வலசை வரும் சில வாரங்கள் மட்டும் வயலில் நீர் நிறுத்த என்ன தொகை வேண்டும் என்று விவசாயிகளிடமே கேட்டு, அதைக் கொடுத்தது. நிலத்தை வாங்கவும் இல்லை, பறிக்கவும் இல்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடல், ஈரநிலங்கள் விளைநிலமாக மாற்றப்படும்போது அழியும் உயிர்களைப் பற்றிப் பேசுகிறது. அதே மடல், பூமியின் குரலையும் ஏழைகளின் குரலையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. ஒன்றைக் கேட்டு மற்றதற்குச் செவியை மூடிக்கொள்வது நியாயமாகாது.

பறவைகளால் மகிழ்கிறவர்கள் நாம் அனைவரும். அதற்கான விலையை ஏரிக்கரை விவசாயி மட்டும் கொடுப்பது எப்படிச் சரியாகும்? பயிர்ச் சேதத்திற்குத் தாமதமில்லாத இழப்பீடு, நஞ்சு தெளிக்காத வயலுக்கு ஊக்கத்தொகை, அந்த நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலை ஆகியவற்றை அரசிடம் கேட்போம். கேட்பதோடு நில்லாமல், அத்தகைய அரிசியை நாமும் தேடி வாங்குவோம். நம் பங்குகளுக்குச் சொந்தமான வயல்கள் இருந்தால், அங்கே நஞ்சில்லாச் சாகுபடியைத் தொடங்குவோம். வேடந்தாங்கல் மக்கள் அன்று செய்த கொடுக்கல் வாங்கலைப் புதுப்பிக்கும் பொறுப்பு இன்று நம் கையில் இருக்கிறது. சிந்திப்போம், செயல்படுவோம்.